கோகலேயையும் மதிக்கலாமா?

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. விடுதலை இயக்கப் பாடம் நடத்தும்போது கரும்பலகையின் நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் மிதவாதிகள் என்று கோகலே, பெரோஸ்ஷா மேத்தா, சுரேந்திரநாத் பானர்ஜி பெயர்களையும், மறுபக்கம் தீவிரவாதிகள் என்று திலகர், லஜபதி ராய், விபின் சந்திர பால், வ.உ.சி. பெயர்களையும் எழுதினீர்கள். உடனே ஒரு மாணவி எழுந்து, "அப்போ கோகலே வெள்ளைக்காரன் கட்சியா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே சந்தேகம்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வ.உ.சி. கப்பல் விட்ட ஊரில் நின்றுகொண்டு கோகலேயை மதிக்கச் சொல்ல மனம் ஒப்புமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இரு தரப்பும் ஒன்றுதான், வெறும் பாணிதான் வேறு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வேறுபாடு உண்மையானது, ஆழமானது. அந்த வேறுபாட்டால் நாடு கெட்டுப்போகவில்லை. அதை ஒரே பந்தலுக்குள் பேசி, வாக்கெடுத்து, தோற்றவர் மறுபடி வந்து பேச இடம் வைத்து நடத்தத் தெரியாமல் போனதுதான் கேடு. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் மாநாட்டில் நடந்தது அதுதான். அதை உங்கள் பிள்ளைகளுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மிதவாதிகள் செய்தது என்ன என்று பார்ப்போம். 1885இல் பம்பாயில் 72 பேர் கூடித் தொடங்கிய காங்கிரஸ், ஆண்டுக்கொரு முறை டிசம்பர் கடைசியில் கூடும், தீர்மானம் போடும், கலையும். இதைப் பிச்சை எடுக்கும் அரசியல் என்று புதிய தலைமுறை ஏசியதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் தாதாபாய் நௌரோஜி என்னும் மனிதர், இந்தியாவின் செல்வம் ஆண்டுதோறும் எந்த வழியாக இங்கிலாந்துக்கு வெளியேறுகிறது என்று அரசின் கணக்குகளை வைத்தே எடுத்துக் காட்டினார். 1901இல் அது பெரிய நூலாக வந்தது. ஆட்சி நமக்கு நன்மை செய்கிறது என்று நம்பிக்கொண்டிருந்த படித்த இந்தியரின் நம்பிக்கையை அந்தக் கணக்கு உடைத்தது. கோகலே 1902 முதல் வைஸ்ராயின் சட்டசபையில் வரவு செலவுத் திட்டத்தை வரிவரியாக எடுத்து வாதாடினார். பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கருவூலத்தில் உபரி இருப்பது எப்படி என்று கேட்டார். உப்பு வரியைக் குறைக்கச் சொல்லி விடாமல் பேசினார். மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த வரி 1903இல் இரண்டாகவும், 1905இல் ஒன்றரையாகவும், 1907இல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. உப்பளங்களுக்கு நடுவே வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றாது.

பிறகு 1905. வைஸ்ராய் கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தார். அக்டோபர் 16ஆம் தேதி பிரிவினை அமலுக்கு வந்தது. எத்தனையோ மனுக்கள், எத்தனையோ கூட்டங்கள், ஒன்றுக்கும் அரசு அசையவில்லை. மனுவால் ஆகாது என்று வங்காளம் கண்ணால் கண்டுகொண்டது. அந்நியத் துணியைப் புறக்கணி, சுதேசிப் பொருளை வாங்கு, அரசுப் பள்ளியை விட்டு வா, நீதிமன்றத்துக்குப் போகாதே என்று புறக்கணிப்பு விரிந்துகொண்டே போனது. திலகரும் பாலும் லஜபதி ராயும் அரவிந்தரும் பேசியது இதைத்தான். நாம் ஒத்துழைப்பதால்தான் இந்த ஆட்சி நடக்கிறது, கையை எடுத்துவிட்டால் நடக்காது என்பதே புதிய கட்சியின் மையக் கருத்து. காங்கிரஸ் மேடையில் நின்ற திலகர் வெடிகுண்டுக்காரர் அல்ல. இதைப் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்லுங்கள். இன்றைக்குத் தீவிரவாதி என்றதும் அவர்கள் மனத்தில் வேறு படம் வரும்.

இங்கே நான் காட்ட விரும்புவது, இந்த இரண்டு கட்சிக்கும் நடுவே உங்கள் கரும்பலகைக் கோடு நேராக ஓடவில்லை என்பதை. அந்நியப் பொருளைப் புறக்கணி என்று சொல்ல வேண்டுமானால், அந்நியப் பொருளால் நமக்கு என்ன நட்டம் என்று கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர்கள் மிதவாதிகள். 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். பிறகு காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்களை வாங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே விட்டார். கப்பல் கட்டணமாக வெளியேறும் பணத்தை நம் கரையிலேயே நிறுத்தும் முயற்சி அது. தாதாபாய் தாளில் போட்ட கணக்கு தூத்துக்குடியில் கப்பலாயிற்று. இன்னொரு எடுத்துக்காட்டு ஜி. சுப்பிரமணிய ஐயர். 1885இல் முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவர். அதே மனிதர் 1908இல் சுதேசமித்திரன் கட்டுரைகளுக்காக ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதானார். கோட்டின் எந்தப் பக்கத்தில் அவர் பெயரை எழுதுவீர்கள்?

சரி, பிறகு ஏன் உடைந்தது? உடைவின் வேர் சூரத்தில் இல்லை, புனேயில் இருக்கிறது. திலகரும் கோகலேயும் ஒரே இரத்தினகிரி மாவட்டத்து மண்ணில் பிறந்தவர்கள், ஒரே சாதி, திலகர் பத்து வயது மூத்தவர். இருவரும் ஃபெர்குசன் கல்லூரியில் ஆசிரியர்களாக இருந்தவர்கள். கல்வி நிறுவனத்துக்குள் எழுந்த பூசலில் 1890இல் திலகர் விலகினார். அடுத்த ஆண்டு பெண்களின் சம்மத வயதை உயர்த்தும் சட்டம் வந்தபோது எதிரெதிர் அணியில் நின்றார்கள்; அந்த விஷயத்தில் முற்போக்குப் பக்கம் நின்றவர் கோகலே, எதிர்த்தவர் திலகர். 1895இல் திலகர் அணி புனே சார்வஜனிக் சபையைக் கைப்பற்றியது. ரானடேயும் அவருடைய சீடர் கோகலேயும் வெளியேறி, மறு ஆண்டு டெக்கான் சபை என்று வேறொன்று தொடங்கினார்கள். ஒரு தரப்பு சபையைப் பிடிப்பது, மறுதரப்பு எழுந்து போய்ப் புதுச் சபை வைப்பது என்ற பழக்கம் அங்கே வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அது நாடு தழுவிய அளவில் அரங்கேறியது, அவ்வளவுதான்.

1906 கல்கத்தா மாநாட்டிலேயே உடைந்திருக்க வேண்டும். புதிய கட்சி திலகரைத் தலைவராக்க விரும்பியது. மிதவாதிகள் 81 வயது தாதாபாயை லண்டனிலிருந்து வரவழைத்தார்கள். அவரை எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. சுயராஜ்யம், சுதேசி, புறக்கணிப்பு, தேசியக் கல்வி என்று நான்கு தீர்மானங்கள் நிறைவேறின. ஆனால் புறக்கணிப்புத் தீர்மானத்தின் வாசகம் இரு தரப்பும் தத்தம் வசதிப்படி படித்துக்கொள்ளும் விதமாக எழுதப்பட்டிருந்தது. வங்காளத்தில் நடக்கும் புறக்கணிப்பு நியாயமானது என்பதோடு நின்றதா, நாடு முழுவதும் எல்லாத் துறையிலும் புறக்கணிக்கலாம் என்று பொருள்படுமா? அன்றைக்கே பால் ஒரு விதமாகவும் மாளவியாவும் கோகலேயும் வேறு விதமாகவும் பொருள் சொன்னார்கள். சண்டை தீரவில்லை, ஒரு வருடம் தள்ளிப்போனது.

அடுத்த மாநாடு நாகபுரியில் என்று முடிவாகியிருந்தது. அங்கே திலகர் கட்சிக்குச் செல்வாக்கு அதிகம். வரவேற்புக் குழுவிலேயே கைகலப்பு வரும் நிலை வந்ததும், மிதவாதத் தலைவர்கள் இடத்தை மேத்தாவின் செல்வாக்குக்கு உட்பட்ட சூரத்துக்கு மாற்றினார்கள். மாநாடு நடக்கும் மாகாணத்தைச் சேர்ந்தவர் தலைவராவது வழக்கமில்லை; சூரத் பம்பாய் மாகாணத்தில் இருப்பதால் திலகர் பெயர் தானாகவே அடிபட்டுப்போனது. பர்மாவின் மண்டலேயில் சிறைவைக்கப்பட்டு நவம்பரில்தான் விடுதலையாகி வந்திருந்த லஜபதி ராயைத் தலைவராக்கலாம் என்று புதிய கட்சி சொன்னது. அவர் மறுத்துவிட்டார். மிதவாதிகளின் தேர்வு ராஷ் பிகாரி கோஷ். பிரதிநிதி யார் என்பதற்கும் கறாரான விதி கிடையாது; ஏதாவதொரு ஊரில் பொதுக்கூட்டம் போட்டுத் தேர்ந்தெடுத்தால் அவர் பிரதிநிதி. ஆகவே இரு தரப்பும் ஆள் திரட்டின. சென்னையிலிருந்து பாரதியும் வ.உ.சி.யும் தோழர்களும் ரயிலேறியது அந்தத் திரட்டலின் பகுதிதான். அந்தப் பயணத்தைப் பற்றிப் பாரதி 'எங்கள் காங்கிரஸ் யாத்திரை' என்று எழுதினார்.

டிசம்பர் 26ஆம் தேதி தபதி ஆற்றங்கரைப் பந்தலில் மாநாடு கூடியது. கோஷ் பெயரை வழிமொழிய எழுந்த சுரேந்திரநாத்தைப் பேச விடாமல் கூச்சல் எழுந்தது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. நான்கு கல்கத்தாத் தீர்மானங்களையும் நீர்க்கச் செய்யப் போகிறார்கள் என்ற வதந்தி முகாமெங்கும் பரவியிருந்தது. தீர்மான வரைவுகள் பிரதிநிதிகள் கைக்கு நேரத்தில் போய்ச் சேரவில்லை. மறுநாள் திலகர் வரவேற்புக் குழுத் தலைவர் மால்விக்கு ஒரு சீட்டு அனுப்பினார்: தலைவர் தேர்தலின்போது ஒத்திவைப்புத் திருத்தம் ஒன்றை முன்மொழிய வேண்டும், பேச அழையுங்கள். பதில் இல்லை. கோஷ் தேர்ந்தெடுக்கப்பட்டதாக அறிவித்து, அவர் உரையைத் தொடங்கியபோது திலகர் மேடையேறி, பேசும் உரிமை எனக்குண்டு என்று நின்றார். விதிக்குப் புறம்பு என்றார் மால்வி. திலகர் கைகட்டி, இறங்க மறுத்து, அசையாமல் நின்றார்.

அங்கே இருந்த ஆங்கிலப் பத்திரிகையாளர் ஹென்றி நெவின்சன் தாம் கண்டதைப் பதிவு செய்திருக்கிறார். இளைஞர்கள் சிலர் திலகரைத் தூக்கி எறியப் பாய்ந்து வருகிறார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த கோகலே, இரண்டு கைகளையும் விரித்துத் திலகருக்குக் காப்பாக நிற்கிறார். பதினேழு ஆண்டுப் பகை. அந்த நிமிடத்தில் எதிரியை அடிக்க வருகிறவன் தன் கட்சிக்காரன். ஆனாலும் கை விரிந்தது. அப்போது கூட்டத்திலிருந்து ஒரு மராட்டியச் செருப்பு பறந்து வருகிறது. சிவந்த தோல், கூர்முனை, ஈயம் பதித்த அடி. அது சுரேந்திரநாத்தின் கன்னத்தில் பட்டுத் தெறித்து மேத்தா மேல் விழுகிறது. பிறகு நாற்காலிகள், தடிகள், போலீஸ். பந்தலைக் காலி செய்தது காலனி அரசின் காவல்துறை.

செருப்பை எறிந்தவன் யார் என்பதைவிட, உடைவை யார் விரும்பினார்கள் என்பதே முக்கியமான கேள்வி. திலகர் விரும்பினாரா? கல்கத்தாத் தீர்மானங்களைக் கைவிடாமல் வைத்திருந்தால் கோஷ் தேர்வுக்கான எதிர்ப்பை விட்டுவிடுகிறோம் என்று சமரசம் பேச வந்தவர்களிடம் அவர் சொல்லியனுப்பினார். கோகலேயும் முறிவைத் தேடிப் போனவரில்லை. ஆனால் மேத்தா போன்றவர்கள் புதிய கட்சியைக் கழற்றிவிட்டால்தான் அரசு சீர்திருத்தம் தரும் என்று நினைத்தார்கள். மறுபக்கத்தில், காங்கிரஸ் உடையக் காரணமான உத்தரவைத் திலகரைக் கேட்காமலே கொடுத்தது தாமே என்று அரவிந்தர் பிற்காலத்தில் எழுதிவைத்தார். இரு அணியிலும் பொறுமையற்றவர்கள் கை ஓங்கியது. பொறுமையுள்ளவர்களுக்குத் தடுக்க வழி இருக்கவில்லை. ஒரு சீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், ஒரு திருத்தத்தை வாக்குக்கு விட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி அந்தப் பெரிய சபையில் உறுதியாக இல்லை.

மறுநாளே மிதவாதிகள் தனியாகக் கூடினார்கள். 1908 ஏப்ரலில் அலகாபாத்தில் ஒரு கொள்கை உறுதிமொழி எழுதப்பட்டது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் சுயாட்சி, சட்டத்துக்கு உட்பட்ட வழி என்று கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே வரலாம். கதவு சாத்தப்பட்டது. சூரத் முறிவுக்காகவே காத்திருந்ததுபோல் அரசு வெளியில் நின்றவர்களை ஒவ்வொருவராக எடுத்தது. உறுதிமொழிக்கு முன்பே, மார்ச் 12ஆம் தேதி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலை 7இல் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில்தான் குறைந்தது. ஜூலை 22இல் திலகருக்கு ஆறு ஆண்டு, மண்டலேச் சிறை. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே பதினைந்தே நாள். அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸ் நம் சென்னையில் கூடியது, அதே ராஷ் பிகாரி கோஷ் தலைமையில். சென்னை மாகாணத்தில் சுதேசியைச் சொல்லிலிருந்து செயலுக்குக் கொண்டுவந்த மனிதர் அப்போது கோயம்புத்தூர்ச் சிறையில் இருந்தார். அந்தப் பந்தலில் அவருக்கு இடமில்லை; வெளியில் இருந்திருந்தாலும் உறுதிமொழியில் கையெழுத்திடாமல் உள்ளே போயிருக்க முடியாது. சூரத்தின் முழு நட்டமும் இந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்.

மிதவாதிகளுக்காவது லாபம் உண்டா? சூரத் முறிவைத் தங்களுக்குக் கிடைத்த பெரும் வெற்றியாகவே வைஸ்ராய் மிண்டோ இந்தியா மந்திரி மார்லிக்கு எழுதினார். 1909 சீர்திருத்தச் சட்டம் வந்தது. சட்டசபையில் இடங்கள் கூடின, அதிகாரம் வரவில்லை. மத்திய சபையில் அதிகாரிகளின் பெரும்பான்மை அப்படியே நின்றது. மதவாரித் தனித்தொகுதி என்ற விதையும் கூடவே ஊன்றப்பட்டது. 1907இல் பொதுக்கூட்டங்களை ஒடுக்கும் சட்டத்தை எதிர்த்துக் கடுமையாக வாதாடிய கோகலே, 1910 பத்திரிகைச் சட்டத்தின்போது அப்படி எதிர்த்து நிற்கவில்லை. அவர் உயிரைக் கொடுத்து உழைத்த கட்டாய ஆரம்பக் கல்வி மசோதா 1912இல் 13 வாக்குகளே பெற்று, எதிராக 38 வாக்குகள் விழுந்து தோற்றது. பின்னால் மக்கள் கிளர்ச்சி இருக்கும்போது கோகலேயின் வாதத்துக்கு இருந்த கனம், கிளர்ச்சிக்காரர்கள் சிறைக்குப் போனபின் இல்லை. சீர்திருத்தம் தருகிறவன் எப்போதும் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் தருகிறான். திலகர்களுக்கு நேர்ந்ததும் இதன் மறுபாதி: அவர்கள் சிறைக்குப் போனபோது, நாடு முழுக்க ஒரே குரலில் கேட்கும் அமைப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

இந்த இடத்தில் உங்கள் மாணவிக்கு வி. கிருஷ்ணசாமி ஐயரைப் பற்றிச் சொல்லுங்கள். சென்னையின் பெரிய வக்கீல், பழுத்த மிதவாதி. பாரதி தம் 'இந்தியா' பத்திரிகையில் மிதவாதிகளை விளாசிக்கொண்டிருந்த காலம். கிருஷ்ணசாமி ஐயரும் அதற்குத் தப்பவில்லை. 1907இல் பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன், பாரதியை ஐயர் வீட்டுக்கு அழைத்துப்போனார். பாட்டுகளைக் கேட்ட ஐயர், தம் செலவில் 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். தம்மைத் திட்டிய கவிஞரின் பாட்டை, தாம் ஒப்பாத கட்சியின் பாட்டை, நாட்டுக்கு வேண்டும் என்று ஊரெங்கும் பரப்பினார். அரசியலில் அவர் மாறவில்லை, பாரதியும் மாறவில்லை. இதைப் போலவே, 1915 பிப்ரவரியில் 48 வயதில் கோகலே இறந்தபோது, திலகர் தகன இடத்துக்கு ஓடிவந்தார். கைதட்டிய கூட்டத்தை அடக்கி, இது கைதட்டும் நேரமல்ல, கண்ணீர் விடும் நேரம் என்று சொல்லி, கோகலேயைப் பின்பற்றுங்கள் என்று இளைஞர்களுக்குச் சொன்னார். தனி மனிதர்களிடம் பெருந்தன்மைக்குக் குறைவே இல்லை. ஆனால் பெருந்தன்மையை நம்பி ஓர் இயக்கத்தை நடத்த முடியாது என்பதற்கும் சூரத்தே சாட்சி.

திரும்ப ஒன்று சேர்ந்தது 1916இல், லக்னோவில். கோகலேயும் மேத்தாவும் இறந்துவிட்டிருந்தார்கள். அன்னி பெசன்ட் இடையறாமல் பாடுபட்டார். ஒன்பது ஆண்டு வீணாகியிருந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் வகுப்பில் அவசியம் சொல்ல வேண்டியது. 1920 டிசம்பரில், 1907இல் பயந்து விட்டுப்போன அதே நாகபுரியில், சேலம் விஜயராகவாச்சாரியார் தலைமையில் காங்கிரஸ் தனக்கொரு புதிய அமைப்புச் சட்டம் செய்துகொண்டது. நாலணா கட்டியவர் உறுப்பினர். மொழிவாரி மாகாணக் குழுக்கள். மக்கள்தொகைக்கு ஏற்பப் பிரதிநிதிகள். ஆண்டு முழுதும் இயங்கும் 15 பேர் கொண்ட காரியக் குழு. இதை முன்னின்று செய்த காந்தி, கோகலேயைத் தம் அரசியல் குரு என்று சொன்னவர். கையில் எடுத்த ஆயுதங்களோ திலகர் கட்சியின் புறக்கணிப்பும் சுதேசியும் தேசியக் கல்வியும்.

அந்தச் சட்டத்துக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. 1922 கயா மாநாட்டில், சட்டசபைக்குப் போகலாமா கூடாதா என்று சூரத்துக்குக் குறையாத சண்டை. போகலாம் என்றவர்கள் பக்கம் மாநாட்டுத் தலைவர் சி.ஆர். தாஸ், மோதிலால் நேரு, சென்னையில் சத்தியமூர்த்தி. கூடாது என்றவர்களுக்கு ராஜாஜி முன்னணி. வாக்கெடுப்பில் தலைவரே தோற்றார். பதவி விலகினார், சுயராஜ்யக் கட்சி தொடங்கினார். காங்கிரஸை விட்டு மட்டும் போகவில்லை. யாரும் அவரை வெளியேற்றவும் இல்லை. சூரத்தின் நினைவு இரு தரப்புக்கும் இருந்தது. 1923 செப்டம்பரில் டெல்லிச் சிறப்பு மாநாடு, விருப்பமுள்ளவர்கள் தேர்தலில் நிற்கலாம் என்று அனுமதித்தது. கருத்து வேறுபாடு அப்படியே இருந்தது, வீடு உடையவில்லை. தோற்றவருக்கு ஒன்பது மாதத்தில் மறுபடி கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. சூரத்தில் திலகர் சீட்டில் எழுதிக் கேட்டது இந்த வாய்ப்பைத்தான்.

ஆகவே டீச்சர், கோகலேயை மதிப்பதால் வ.உ.சி.க்கு எந்தக் குறையும் வராது. வ.உ.சி. துணிவு சரியானது, மனுவால் நாடு கிடைக்காது என்று அவர் கண்டதும் சரியானது, அதற்கு அவர் கொடுத்த விலை நம் வரலாற்றிலேயே மிகப் பெரிய விலைகளில் ஒன்று. வேகத்தைப் பற்றிய வாதத்தில் நான் வ.உ.சி. பக்கம் நிற்கிறேன், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கணக்கைச் சரிபார்த்து, சட்டத்தைப் படித்து, எதிரியின் சபையிலேயே நின்று அவனைப் பதில் சொல்ல வைத்தவர்கள் இல்லாமல் அந்தத் துணிவுக்குக் கால் ஊன்ற இடம் இருந்திருக்காது. மிதவாதிகளை நாம் குறை சொல்ல வேண்டியது அவர்கள் மெதுவாக நடந்ததற்காக அல்ல. பேச வந்தவருக்குக் கதவைச் சாத்தியதற்காக. புதிய கட்சியைக் குறை சொல்ல வேண்டியதும் அவர்கள் விரைந்ததற்காக அல்ல. பந்தலுக்குள் கூச்சலால் சாதிக்கப் பார்த்ததற்காக.

அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது கரும்பலகையில் கோடு இருக்கட்டும். ஜி. சுப்பிரமணிய ஐயர் பெயரை எங்கே எழுதுவது என்று பிள்ளைகளையே விவாதிக்க விடுங்கள். விவாதத்துக்கு ஒரு தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதித் தரட்டும். ஒரு சீட்டுகூட விடுபடாமல் தலைவர் அழைக்க வேண்டும் என்பது மட்டும் விதி. 1907இல் நாட்டின் மிகப் பெரிய தலைவர்களால் முடியாததை உங்கள் ஒன்பதாம் வகுப்பு செய்து காட்டும். அந்தக் கேள்வியைக் கேட்ட மாணவியையே முதல் தலைவராக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் எழுத்தாளன்